ஒரு கருவா, இரு கருக்களா?

கருமுட்டைகளை எடுத்து ஐந்து நாள்கள் ஆகியிருக்கும். எத்தனை கருக்கள் நல்ல நிலையில் வளர்ந்திருக்கின்றன என்ற செய்தி ஆய்வகத்திலிருந்து வந்திருக்கும். கணவனும் மனைவியும், பெரும்பாலும் உடன் ஒரு தாயாரோ மாமியாரோ, எங்கள் ஆலோசனை அறையில் வந்து அமர்வார்கள். எத்தனை கருக்களைக் கருப்பையில் வைப்பது என்று நாங்கள் பேச்சைத் தொடங்கும் முன்பே பெரியவர் முந்திக்கொள்வார்: "ரெண்டா வச்சுடுங்க டாக்டரம்மா. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்."

இந்த வேண்டுகோளை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. அதன் பின்னால் ஏழெட்டு ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது. வளைகாப்புக்கு அழைக்கப்படாத வருத்தம் இருக்கிறது. அடகுக் கடையில் வைத்த நகை இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களில் பணிபுரியும் தம்பதியர் மீண்டும் இத்தனை நாள் விடுப்புக் கிடைக்குமா என்று கவலைப்படுகிறார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்தும் திருப்போரூரிலிருந்தும் ஊசிக்காக நாள்தோறும் வந்துபோனவர்களுக்கு அந்த அலைச்சலை இன்னொரு முறை நினைத்துப் பார்க்கவே மனம் வருவதில்லை. ஒரே முறையில் இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டால் குடும்பமும் நிறைந்துவிடும், செலவும் ஒன்றோடு முடிந்துவிடும் என்ற எண்ணம் எழுவது இயற்கையே.

ஆயினும், நல்ல தரமுள்ள கருக்களைப் பெற்ற இளவயதுப் பெண்களுக்கு ஒன்றை மட்டும் வைத்து, எஞ்சியவற்றை உறைநிலையில் சேமிக்கலாம் என்றே நாங்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கிறோம். அதற்கான காரணங்களை ஆலோசனை அறையின் இருபது நிமிடங்களில் முழுமையாக விளக்க இயலுவதில்லை. வீட்டில் அனைவரும் சேர்ந்து நிதானமாகப் படிக்கட்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

இரண்டு வைத்தால் வாய்ப்பு இரண்டு மடங்கா?

முதலில் ஓர் எளிய கணக்கு. நல்ல கரு ஒன்று குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். இது கணக்கிற்காக எடுத்துக்கொண்ட எண் மட்டுமே. ஒவ்வொருவருடைய வாய்ப்பும் வயதையும் கருவின் தரத்தையும் பொறுத்து மாறும். 100 பெண்களுக்கு இவ்விரண்டு கருக்களை ஒரே நேரத்தில் வைத்தால் 80 பேருக்குக் குழந்தை பிறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வாறு நிகழாது. இரண்டில் ஒன்றாவது நிலைக்கும் பெண்கள் 64 பேர். அவர்களுள் 16 பேருக்கு இரண்டுமே நிலைத்து இரட்டைக் கர்ப்பம் ஆகிவிடும்.

இனி, அதே 100 பெண்களுக்கு ஒவ்வொரு கருவாக வைத்துப் பார்ப்போம். முதல் முறையில் 40 பேர் தாயாவர். எஞ்சிய 60 பேருக்கு, உறைநிலையில் சேமித்திருந்த இரண்டாவது கருவைப் பின்னர் வைத்தால் மேலும் 24 பேர் தாயாவர். கூட்டினால் அதே 64. இரட்டைக் கர்ப்பம் மட்டும் ஏறக்குறைய இல்லை.

உடல் இத்தகைய கணக்குகளுக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை என்பது உண்மை. ஆகவே மெய்யான பெண்களிடம் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வொன்றைச் சொல்ல வேண்டும். ஸ்காண்டிநேவிய நாடுகளின் சிகிச்சை மையங்களில் 36 வயதுக்குட்பட்ட, குறைந்தது இரண்டு நல்ல கருக்களைப் பெற்ற 661 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு ஒரே முறையில் இரண்டு கருக்கள் வைக்கப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு முதலில் ஒன்று. அது குழந்தைப் பிறப்பில் முடியாவிட்டால், உறைநிலையில் இருந்த இன்னொன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அதன் முடிவு வெளியாயிற்று. இரண்டு வைத்துக்கொண்டவர்களில் 42.9 விழுக்காட்டினருக்கும், ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டவர்களில் 38.8 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்த பேறுகளோ முதல் பிரிவில் 33.1 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 0.8 விழுக்காடு.

நூற்றுக்கு நான்கு பேர் அளவிலான வேறுபாடு ஒருபுறம்; மூவரில் ஒருவருக்கு இரட்டைப் பேறு என்பது மறுபுறம். உறையவைக்கும் முறைகள் அந்த ஆய்வுக்குப் பின் வெகுவாக மேம்பட்டுவிட்டன. விட்ரிஃபிகேஷன் எனப்படும் அதிவேக உறையவைப்பு முறையில், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் சேமிக்கப்படும் ஐந்தாம் நாள் கருக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை மீட்டெடுக்கும்போது உயிருடன் இருக்கின்றன. "வைக்காத கரு வீணாகிவிடுமே" என்ற அச்சம் ஒரு காலத்தில் நியாயமானது. இன்று அதற்கு அந்த வலு இல்லை.

பழைய வழக்கம் எங்கிருந்து வந்தது?

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தது. மருந்தால் தூண்டாமல், இயற்கைச் சுழற்சியில் கிடைத்த ஒரே கருமுட்டை. அதிலிருந்து உருவான ஒரே கரு. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் அவர்களின் முயற்சியால் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அவர் கருவை 53 நாள்கள் உறைநிலையில் வைத்திருந்து, பின்னொரு மாதவிடாய்ச் சுழற்சியில் தாயின் கருப்பையில் வைத்ததாகப் பதிவு செய்திருக்கிறார். அன்று அவரை நம்புவார் இல்லை. அங்கீகாரம் கிட்டாமலேயே 1981-இல் மறைந்தார். 1997-இல் டாக்டர் டி. சி. ஆனந்த் குமார் அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முன்னோடி அவரே என்று அறிவித்தார். இன்று எங்கள் சிகிச்சைப் பிரிவு அன்றாடம் செய்யும் காரியத்தின் சாரம் அவர் அன்று செய்ததுதான்: கருவைச் சேமித்து வைத்து, கருப்பை ஆயத்தமான வேறொரு மாதத்தில் வைப்பது.

இடைப்பட்ட காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. சூலகத்தைத் தூண்டும் மருந்துகளால் பல கருமுட்டைகள் கிடைத்தன. உறையவைக்கும் நுட்பமோ அந்த அளவுக்குத் தேறவில்லை. ஆய்வகத்தில் கருவை ஐந்து நாள் வரை வளர்ப்பதும் கடினமாக இருந்தது. ஆகவே இரண்டாம் மூன்றாம் நாளிலேயே மூன்று நான்கு கருக்களை ஒருசேர வைப்பது உலகெங்கும் வழக்கமாயிற்று. 1990-இல் டாக்டர் கமலா செல்வராஜ் அவர்களால் சென்னையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது இந்தச் சிகிச்சையே நம் ஊருக்குப் புதுமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005-இல் வெளியிட்ட நெறிமுறைகளும், விதிவிலக்கான சூழல்கள் தவிர, மூன்றுக்கு மேல் வேண்டாம் என்ற அளவில்தான் வரம்பு வகுத்தன. "என் அக்காவுக்கு மூணு வச்சாங்களே" என்று எங்களிடம் கேட்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. அக்காவின் காலத்து ஆய்வகம் வேறு.

இரட்டைக் கர்ப்பம் உடலுக்கு என்ன செய்கிறது?

இரட்டைக் குழந்தைகள் நலமாகப் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் நம் தெருக்களில் உண்டு. கல்யாண வீடுகளில் ஒரே நிறச் சட்டையில் ஓடும் அக்குழந்தைகளைத்தான் அனைவரும் பார்க்கிறோம். மூன்றாம் தளத்தில் உள்ள பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவை உறவினர்கள் பார்ப்பதில்லை.

ஒரு கருப்பை இரண்டு குழந்தைகளைச் சுமக்கும்போது தாயின் இதயம் கூடுதலாக உழைக்கிறது. கர்ப்பகால ரத்த அழுத்தம், அதன் கடுமையான வடிவமான முன்சூல்வலிப்பு, ரத்தசோகை, பேற்றுக்குப் பின் மிகுதியான ரத்தப்போக்கு ஆகிய அனைத்தின் வாய்ப்பும் ஒற்றைக் கர்ப்பத்தைவிட அதிகம். கர்ப்பகால நீரிழிவு ஏற்கெனவே நம்மிடையே பரவலாகக் காணப்படுவது. 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் ஒற்றைச் சோதனையைச் சென்னை மருத்துவர் வி. சேஷையா வகுத்து நாடெங்கும் பரப்பியதற்கு அதுவே காரணம். இரட்டைக் கர்ப்பம் அந்தச் சுமையையும் கூட்டுகிறது. அறுவைப் பேறும் பெரும்பாலும் தவிர்க்க இயலாததாகிவிடுகிறது.

குழந்தைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரங்கள் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். சில வாரங்கள் முன்னதாகப் பிறந்தால் என்ன என்று தோன்றலாம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் திறன் ஏறத்தாழ 34-ஆம் வாரத்தில்தான் குழந்தைக்குக் கைவருகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலை மெல்லிய குழாய் வழியாகத்தான் தர வேண்டும். நுரையீரல் முதிராத குழந்தைக்குச் சர்ஃபாக்டன்ட் மருந்தும் சுவாசக் கருவியும் தேவைப்படலாம். விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று கண் மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். மூளைவாதத்தின் வாய்ப்பும் ஒற்றையாகப் பிறந்த குழந்தைகளைவிட இரட்டையரிடம் பல மடங்கு அதிகம்.

அந்தப் பிரிவின் வாசலில் நாங்கள் அன்றாடம் காணும் காட்சி இது. அறுவைத் தையல் ஆறாத தாய், மூன்று மணிக்கொரு முறை பாலைப் பீய்ச்சிச் சிறு கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் நிற்கிறார். தந்தை அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே அலைகிறார். இரட்டையரில் ஒன்று தேறி வீட்டுக்குப் போகத் தயாராகிறது. மற்றொன்று இன்னும் இன்குபேட்டரில். தாய் யாருடன் இருப்பது? இந்தக் கேள்விக்கு எங்களிடம் நல்ல விடை இருந்ததில்லை.

மூன்று கருக்கள் நிலைத்துவிட்டால் நிலைமை மேலும் கடினம். மூன்றாம் மாதத்தின் இறுதியில், ஒரு கருவின் இதயத்துடிப்பை ஊசியால் நிறுத்தி எண்ணிக்கையைக் குறைக்கலாமா என்று அந்தத் தம்பதியரிடம் கேட்க வேண்டியதாகிறது. எஞ்சிய கருக்களையும் இழக்கும் ஆபத்து அதில் உண்டு. எட்டு ஆண்டுகள் ஓர் இதயத்துடிப்பைக் கேட்பதற்காகக் காத்திருந்தவர்களிடம் கேட்கும் கேள்வி அது. அதைக் கேட்க நேராதபடி பார்த்துக்கொள்வது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

இரண்டு வைப்பதே பொருத்தமான நேரங்கள்

எல்லோருக்கும் ஒன்றே போதும் என்று நாங்கள் சொல்வதில்லை. பெண்ணின் வயது 35-ஐக் கடக்கும்போது கருமுட்டைகளின் தரம் குறையத் தொடங்குகிறது. 40-க்கு மேல் உருவாகும் கருக்களில் பெரும்பாலானவை குரோமோசோம் குறைபாடு உடையவை. அத்தகையோருக்குச் சொந்தக் கருமுட்டையிலிருந்து கிடைத்த கருக்கள் இரண்டையும் வைப்பது நியாயமாகலாம். இரண்டும் நிலைக்கும் வாய்ப்பே அங்குக் குறைவு. நல்ல கருக்களை வைத்தும் பலமுறை தோல்வி கண்டவர்கள், ஐந்தாம் நாள் வரை வளராத, தரம் குறைந்த கருக்களை மட்டுமே பெற்றவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

இதற்கு நேர்மாறாக, வயது என்னவாயினும் ஒன்றை மட்டுமே வைக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். முன்பு அறுவைப் பேறு நிகழ்ந்தவர்கள், கருப்பையின் அமைப்பில் மாறுபாடு உள்ளவர்கள், கருப்பை வாய் வலுவிழந்து முன்னர் குறைப்பிரசவம் கண்டவர்கள், இதய நோயோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இதில் அடங்குவர்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று தானமாகப் பெற்ற கருமுட்டை. 45 வயதுப் பெண்மணி, "எனக்கு வயதாகிவிட்டது, ஆகவே இரண்டு வையுங்கள்" என்கிறார். கருவின் தரத்தைத் தீர்மானிப்பது கருமுட்டையின் வயது. சட்டப்படி கருமுட்டைக் கொடையாளர் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவராகவே இருக்க முடியும். ஆகவே கரு இளமையானது. இரண்டும் நிலைக்கும் வாய்ப்பு அதிகம். சுமக்கும் உடலுக்கோ 45 வயது. ஒன்றை மட்டும் வைப்பது மிகவும் தேவையாவது இவர்களுக்கே. 2019 செப்டம்பரில் ஆந்திரத்தின் குண்டூரில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணிக்கு இவ்வாறு இரட்டைக் குழந்தைகள் பிறந்ததைச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. எங்களுக்கு அன்று வியப்பைவிடக் கவலையே மிகுந்திருந்தது. பின்னர் வந்த சட்டம், சிகிச்சை பெறும் பெண்ணின் வயதுக்கு 50 என்று உச்சவரம்பு விதித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

செயற்கைக் கருத்தரிப்பு நுட்பங்களை முறைப்படுத்தும் சட்டம் 2021-இல் நிறைவேறி, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சையின் நன்மை, தீமை, செலவு ஆகியவற்றோடு, ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சுமக்க நேரும் ஆபத்தையும் தம்பதியருக்கு மருத்துவமனை எடுத்துரைக்க வேண்டும் என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. நாங்கள் இதைச் சொல்லாமல் விட்டால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வாடகைத் தாய்மை குறித்த 2022-ஆம் ஆண்டின் விதிகள் இன்னும் ஒரு படி முன்னே செல்கின்றன: ஒரு சுழற்சியில் ஒரு கருதான், சிறப்புச் சூழலில் மட்டும் மூன்று வரை. உறைநிலையில் உள்ள கருக்களைப் பத்து ஆண்டுகள் வரை சேமிக்கலாம். முதல் குழந்தை பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பின் அதே தொகுப்பிலிருந்து இரண்டாவது கருவை வைத்துக்கொள்ளவும் வழியிருக்கிறது. குடும்பம் நிறைய வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்லும் பாதை இதுவே.

"ரெண்டு வச்சு, ஒண்ணு ஆண், ஒண்ணு பெண்ணாகப் பார்த்து வையுங்கள்" என்று கேட்பவர்களும் அவ்வப்போது உண்டு. அது குற்றம்; அவ்வளவே.

செலவு

இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஒவ்வொன்றாக வைக்கும்போது, முதல் முறை கைகூடாவிட்டால் இரண்டாம் முறைக்கு மருந்து, உறைநிலையிலிருந்து மீட்பது, கருவை வைப்பது, சேமிப்புக் கட்டணம் எனத் தனிச் செலவு உண்டு. ஆயினும் கருமுட்டைத் தூண்டலும் மயக்க மருந்தும் மீண்டும் தேவைப்படுவதில்லை. ஆகவே அது முழுச் சிகிச்சையின் ஒரு பகுதியே. மறுபக்கத்தில், குறைமாத இரட்டையர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒவ்வொரு நாளும் இரு குழந்தைகளுக்கான கட்டணம். அந்தச் செலவு வரும் என்பது உறுதியில்லை. வந்தால் அதற்கு வரம்பும் இல்லை. இதே கணக்கைப் பெல்ஜியம் ஓர் அரசாகப் போட்டுப் பார்த்தது. 2003 ஜூலை முதல் ஆறு சுழற்சிகளுக்கான ஆய்வகச் செலவை அரசே ஏற்றது. அதற்கு ஈடாக, வைக்கும் கருக்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. 36 வயதுக்குட்பட்டோருக்கு முதல் சுழற்சியில் ஒன்றே. குறைப்பிரசவ வார்டில் மிச்சமாகும் பணம் சிகிச்சைக்குச் செலவாகட்டும் என்பதே அதன் தர்க்கம். நம் நாட்டில் அந்தச் செலவைக் குடும்பமே சுமக்கிறது. அது நியாயமான நிலை என்று நாங்கள் கருதவில்லை. இரண்டாம் முறைக்கான கட்டணத்தை முதல் நாளிலேயே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பணத்தைவிடக் கடினமான விலை ஒன்றும் உண்டு. ஒரு கரு வைத்து, பதினான்கு நாள்கள் கழித்து ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வருகிறது. இரண்டு வைத்திருக்கலாமே என்று அன்று தோன்றும். அப்போது எந்த ஆய்வின் விழுக்காடும் ஆறுதல் தராது என்பதை நாங்கள் அறிவோம். இரண்டு வைத்தவர்களுக்கும் அந்த நாள் வரத்தான் செய்கிறது. ஆனால் அவர்களுக்கு அடுத்த மாதம் வைக்கச் சேமிப்பில் கரு எஞ்சியிருப்பதில்லை.

ஒன்றை வைத்தாலும் இரட்டையர் பிறக்கவே மாட்டார்களா என்று சிலர் கேட்கிறார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிவது நூற்றில் ஓரிருவருக்கு நிகழலாம். அதைத் தடுக்கும் வழி எங்களிடம் இல்லை.

கையொப்பமிடும் முன்

ஒப்புதல் படிவத்தில் கருக்களின் எண்ணிக்கையை எழுதுவதற்கென ஓர் இடம் விடப்பட்டிருக்கும். அது வெற்றாக இருக்கும்போது கையொப்பமிட வேண்டாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். எத்தனை கருக்கள் உள்ளன, அவற்றின் தரம் என்ன, எத்தனை சேமிக்கப்படும், உங்கள் வயதினருக்கு இம்மருத்துவமனையில் ஒரு கருவை வைத்ததில் கிடைத்த பலன் என்ன என்று கேளுங்கள். கருவியல் வல்லுநரையும் நேரில் சந்திக்கலாம். முடிவைச் சொல்ல வேண்டியவர்கள் தம்பதியர் இருவரே. பெரியவர்களின் ஆலோசனையைக் கேளுங்கள். ஆயினும் மனைவியிடம் நாங்கள் தனியாகவும் ஒருமுறை பேசுவோம். அதைத் தவறாக எண்ண வேண்டாம். கரு கருப்பைக்குள் செல்லும் வரை ஒப்புதலைத் திரும்பப் பெறவும் சட்டம் இடமளிக்கிறது.

உறைநிலைக் கருவை வைக்கும் நாளன்று காலையில், கரு நல்ல நிலையில் மீண்டதா என்பதை ஆய்வகத்திலிருந்து தொலைபேசியில் தெரிவிப்போம். மீளவில்லையெனில் அடுத்த கருவை எடுக்கலாமா என்று அப்போதே கேட்போம். ஆகவே அன்று காலை இருவருடைய கைபேசியும் இயக்கத்தில் இருக்கட்டும்.